பூசைக்குத் திறந்த மூடி

எதைத் தொடங்கினாலும் எங்கள் ஊர் மாரியம்மனை ஒரு முறை நினைத்துக்கொள்வது என் வழக்கம். இந்தப் பேனாவைத் திறக்கும்போதும் நினைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன் நான். வேலையில் இருந்த காலமெல்லாம் நான் எழுதியது தொழிற்சாலைக் குறிப்பேட்டில் சூடும் நேரமும் மட்டும்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் தொழிற்சாலையில் புது மிஷின் ஓட்டிக் காட்டுகிறோம் என்று ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி, ஷிப்டுக்குப் போகிற பழைய பழக்கத்தில் அரை மணி நேரம் முன்னாலேயே கேட்டில் போய் நின்றேன். மிஷின் நன்றாக இருந்தது. மணிகளைத் தானே உருட்டுகிறது, தானே மருந்தைத் தெளிக்கிறது, உள்ளே ஈரம் எவ்வளவு என்று திரையில் எழுத்தாகக் காட்டுகிறது. அதை ஓட்டுகிற டிப்ளமோ படித்த பெண் என்னிடம் கேட்டது.

"ஏனுங்ணா, இந்தத் திரை இல்லாதப்ப ஈரம் எவ்வளவுன்னு எப்படிங் கண்டுபுடிச்சீங்க?"

"காதுல கேட்டோம் அம்மிணி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும், இதை ஆண்டு மலருக்கு எழுதித் தரவேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதினால் கோமதி மேடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவரைப் பற்றி எழுதினால் நான் செய்த ஒரு தப்பையும் எழுத வேண்டும். சரி என்று ஒத்துக்கொண்டேன்.

முதலில் நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பாடப் புத்தகத்தில் வினையூக்கி என்று போட்டிருக்கும். எங்களுக்குக் கேட்டலிஸ்ட். உரத் தொழிற்சாலையில் ஒரு வாயுவை இன்னொரு வாயுவாக மாற்ற வேண்டும் என்றால், ஒரு உலோகத்தின் மேல் அதைத் தடவிப் போகவிட வேண்டும். உலோகம் கரைந்து போவதில்லை, பக்கத்தில் இருந்து வேலையை நடத்தி வைக்கிறது. ஆனால் உலோகத்தைக் கட்டியாகப் போட்டால் மேல்தோல் மட்டும்தான் வேலை செய்யும், உள்ளே இருப்பதெல்லாம் வீண். அதனால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த அலுமினா மணியை எடுத்து, அந்தத் துளைகளுக்குள் உலோகத்தை மெல்லிசாகப் பூச வேண்டும். அலுமினா மணி பார்ப்பதற்கு ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக இருக்கும். நாங்கள் அதை ஜவ்வரிசி என்றே சொல்வோம். நிக்கல் உப்பைத் தண்ணீரில் கரைத்து, அந்தப் பச்சை மருந்தை மணிக்குக் குடிக்கக் கொடுப்போம். பிறகு காயவைத்துச் சூளையில் சுடுவோம். கடைசியில் ஹைட்ரஜன் வாயுவில் வைத்தால் உப்பு போய் சுத்த உலோகம் துளைக்குள் நிற்கும்.

என் வீட்டுக்காரி உறவுக்காரர்களிடம் இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவாள்: "எங்கூட்டுக்காரரு கல்லுக்குத் தண்ணி காட்டற வேலைக்குப் போறாருங்க."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற ஊரில் வேறு எப்படிச் சொல்வது? நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

நான் சேர்ந்தபோது மூட்டை தூக்கினேன், சல்லடை ஆட்டினேன், சூளைக்குத் தட்டு ஏற்றினேன். ஐந்தாறு வருடம் அப்படியே ஓடியது. கோமதி மேடம் கெமிஸ்டாக வந்த பிறகுதான் நான் செய்வது என்ன வேலை என்று எனக்கே தெரிந்தது.

மேடம் கல்பாத்தி அக்ரகாரத்தில் பிறந்து அங்கேயே இருப்பவர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். காலையில் கோயில் போய்விட்டு நெற்றியில் குங்குமத்தோடு, தலையில் பூவோடு வருவார். மணி வைத்திருக்கும் கூடத்தின் வாசலில் ஒரு ஆணி இருந்தது. தலையிலிருந்து பூவை எடுத்து அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். திரும்பும்போது எடுத்து வைத்துக்கொள்வார். செருப்பைக் கழற்றுகிற மாதிரி வேலைக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்து, நான் மனதுக்குள் கும்பிட்டதுண்டு. அதற்குக் காரணம் வேறு என்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது.

அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தால் கோபம் பெரிது என்று அர்த்தம்.

அவர் எனக்கு முதலில் காட்டியது தண்ணீர் அளக்கும் விதம். ஒவ்வொரு முறை மணி வரும்போதும் அது எவ்வளவு குடிக்கும் என்று பார்த்தாக வேண்டும். ஒரு மூட்டை குடிப்பது போல இன்னொரு மூட்டை குடிக்காது. முதலில் மணியைச் சுட்டு உள்ளே இருக்கும் ஈரத்தை எல்லாம் ஓட்ட வேண்டும். சுட்ட மணியில் நூறு கிராம் ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு, மேலே நீளக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குலுக்க வேண்டும். தண்ணீர் விழுந்தாலும் மணி நனைந்த மாதிரியே தெரியாது. எல்லாம் உள்ளே போய்விடும்.

"காதை இங்க வையுங்கோ" என்றார் மேடம். "இப்போ அது என்ன சொல்றது?"

"கலகலங்குதுங்க மேடம்."

"அப்போ தாகம் தீரலையாக்கும். இன்னும் கொடுங்கோ."

இன்னும் கொடுத்தேன். ஒரு கட்டத்தில் சத்தம் கொஞ்சம் கனத்தது. இன்னும் நாலு சொட்டு விட்டதும் ஒரு மணி குடுவைச் சுவரில் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்றது.

"நிறுத்துங்கோ! இதுதான். இதுக்கு மேல ஒரு சொட்டு விட்டாலும் வெளியிலதான் நிக்கும். வெளியில நின்னா நிக்கல் வெளியிலேயே காஞ்சு தோலாயிடும். பாருங்கோ ஆறுச்சாமி, நாம ஊத்தறதில்லை, அது குடிக்கறதாக்கும். அந்த வித்யாசத்தை மறக்கப்டாது."

அந்த அளவுத் தண்ணீரில்தான் நிக்கல் உப்பைக் கரைக்க வேண்டும். பிறகு பெரிய சட்டியில் மணியைக் கொட்டிச் சுழலவிட்டு மேலிருந்து தெளிக்க வேண்டும். சீரக மிட்டாய்க்குச் சர்க்கரைப் பாகு ஏற்றுவார்களே, அதே மாதிரிச் சட்டி, அளவில் பெரியது. காய்ந்த மணி தண்ணீர் குடிக்கும்போது சூடாகும். சட்டியின் வெளிப்பக்கம் உள்ளங்கையை வைத்தால், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். காதில் சத்தம், கையில் சூடு. இந்த இரண்டும்தான் என் மிஷின்.

காயவைப்பதிலும் அவருக்கு ஒரு பொறுமை இருந்தது. அவசரப்பட்டு அனல் கொடுத்தால் தண்ணீர் வெளியே ஓடி வரும், கூடவே நிக்கலையும் இழுத்துக்கொண்டு வரும். மெதுவாக, இளஞ்சூட்டில், உருட்டிக்கொண்டே காயவைக்க வேண்டும். காய்ந்ததும் பத்து மணியை எடுத்து பிளேடால் இரண்டாக வெட்டி வெள்ளைக் காகிதத்தில் வரிசையாக வைப்பார். பூதக்கண்ணாடியால் பார்ப்பார். நடுவரை பச்சையாக இருந்தால் பென்சிலால் ஒரு சின்ன கோடு. ஓரத்தில் பச்சை, நடுவில் வெள்ளை என்றால் கண்ணாடியைத் துடைப்பார்.

அவருக்கு ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது. சுட்ட மணியை ஆறியவுடன் பீப்பாயில் போட்டு மூடி, இரும்பு வளையம் மாட்டி இறுக்க வேண்டும். தெளிக்கும் வரை திறக்கக் கூடாது. "இதுக்கு நல்லது கெட்டது தெரியாது. எது கிட்ட வந்தாலும் குடிச்சுடும்" என்பார்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

என்னோடு தெளிப்பு வேலையில் இருந்தவன் சுலைமான். எங்கள் பக்கத்துச் சித்தூரில் அவன் அத்தாவுக்கு மளிகைக் கடை. கடையில் உட்காரப் பிடிக்காமல் தொழிற்சாலைக்கு வந்தவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். மருந்து கரைப்பது, அளப்பது அவன் வேலை. சட்டி ஓட்டுவது என் வேலை. கடைக்காரன் மகன் ஆனதால் அவன் அளவில் முடியளவுகூடப் பிசகாது. தற்காலிகமாக இருந்த அவனை அந்த மாதம் நிரந்தரம் ஆக்குவதாக இருந்தது. காகிதம் தயாராகி மேனேஜர் கையெழுத்துக்குப் போயிருந்தது.

அந்தச் சமயம் ஒரு உரத் தொழிற்சாலையிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது. அவர்கள் வருடாந்திரப் பராமரிப்புக்கு ஆலையை நிறுத்தும்போது நம் மணி அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மணியைச் சுட்டு நாலு பீப்பாயில் அடைத்தாகிவிட்டது. மேடம் தண்ணீர் அளவும் பார்த்துக் குறித்துவிட்டார். மறுநாள் ஆயுத பூசை.

எங்கள் பக்கத்தில் பூசைக்கு வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் பூசை எடுக்கிறவரை தொடமாட்டோம். கேரளத்தில் பூசை வைக்கிற எல்லா வீட்டிலும் இதுதான் முறை. தொழிற்சாலையிலும் அப்படியே. ஹைட்ரஜன் இருக்கும் கட்டிடம் தள்ளித் தனியாக இருக்கிறது, அங்கே தீக்குச்சிகூடக் கொண்டு போக முடியாது. அதனால் மணிக் கூடத்தில்தான் சரஸ்வதி படம் வைத்துப் பூசை. மூத்தவன் என்பதால் எப்போதும் நான்தான் செய்வேன். அன்றைக்கு மேடம் வீட்டில் கொலு என்று லீவு. சுலைமானும் வரவில்லை.

தராசு, சல்லடை, ஸ்பேனர் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அப்போது மூலையில் அந்த நாலு பீப்பாயும் கண்ணில் பட்டது. ஸ்பேனருக்கெல்லாம் அம்மாவின் பார்வை கிடைக்கிறது, இத்தனை பேருக்குச் சோறு போடப் போகிற ஜவ்வரிசி மட்டும் இரும்புக்குள் அடைபட்டுக் கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. கட்டளை ஞாபகம் இருந்தது. ஆனால் அது அஜாக்கிரதைக்காரர்களுக்குச் சொன்னது, சாமி காரியத்துக்கு அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வளையத்தைக் கழற்றி மணியைத் தட்டுத் தட்டாகப் பரப்பிப் படத்தின் முன்னால் வைத்தேன். குங்குமம் தட்டின் விளிம்பில்தான் வைத்தேன், ஒரு பொட்டுக்கூட மணியில் சிந்தவில்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்தேன். கற்பூரம் காட்டினேன், சாம்பிராணி போட்டேன். புகை போக ஜன்னலைத் திறந்துவைத்தேன். சாயங்காலம் ஐப்பசித் துலாமழை பிடித்துக்கொண்டது.

விஜயதசமி காலை பூசை எடுத்ததும் மணியைத் திரும்பப் பீப்பாயில் போட்டு இறுக்கிவிட்டேன். யாரிடமும் மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

அதற்கு மறுநாள் வேலை தொடங்கினோம். மூன்று பீப்பாயைச் சட்டியில் கொட்டினோம். நாலாவது உபரி. சுலைமான் மேடம் குறித்த அளவுக்குப் பச்சை மருந்தைக் கரைத்து வந்தான். நான் சட்டியைச் சுழலவிட்டுத் தெளிக்க ஆரம்பித்தேன். உள்ளங்கையை வைத்தேன். சூடு இல்லை. மழைக்குளிரில் இரும்பு குளிர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

முக்கால் பங்கு போயிருக்கும். கலகலவென்ற சத்தம் சட்டென்று செத்துவிட்டது. மணி எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு சொத்துச் சொத்தென்று புரண்டது. சட்டியின் அடியில் பச்சையாகக் குட்டை கட்டி நின்றது.

"சுலைமான், எவ்வளவுடா கரைச்ச?"

"மேடம் எழுதுனபடிதான்ணா! மூணு தடவ அளந்தேன்."

"அப்பறம் ஏன்டா குளமாட்ட நிக்குது?"

"எனக்கென்னண்ணா தெரியும்? அல்லா மேல ஆணையா மூணு தடவ அளந்தேன்!"

மேனேஜர் வந்தார். எர்ணாகுளத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மருந்து அளந்தது ஆரா?"

சுலைமான் கையைத் தூக்கினான்.

"கொள்ளாம், நல்லாருக்கு! தண்ணி கூடிப் போச்சு, அவ்வளவு தன்னே. உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் என் மேசையில உண்டு. அது அங்கேயே இருக்கட்டே." மேடம் பக்கம் திரும்பினார். "நாலு மணிக்கு ரிப்போர்ட் வேணும் மேடம். இந்த ஆள இனி வேண்டாம்."

"நாலு மணி வரைக்கும் யாரையும் ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார்" என்றார் மேடம். குரல் உயரவில்லை. ஆனால் கண்ணாடி கையில் இருந்தது.

மேனேஜர் போனதும் மேடம் முதலில் மிச்சமிருந்த மருந்தைப் பார்த்தார். ஒரு கண்ணாடி மிதவையை அதில் விட்டு, எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்தால் கரைசல் திக்கா தெளிவா என்று தெரிந்துவிடும். இரண்டு முறை பார்த்தார்.

"சுலைமான் அளவு சரியாக்கும். அப்போ குடிக்கறவாகிட்டதான் விசாரிக்கணும்" என்று சொல்லி நாலாவது பீப்பாயைத் திறக்கச் சொன்னார். நூறு கிராம் நிறுத்து, பீங்கான் கிண்ணத்தில் போட்டு லேபில் இருந்த சின்ன சூளையில் வைத்தார். சுலைமான் மதியத் தொழுகைக்குப் போயிருந்தான். மேடமும் நானும் மட்டும் பக்கத்தில் நின்றோம்.

சூடு ஏற ஏற முதலில் ஒரு ஆவி வந்தது. பிறகு வாசம் வந்தது.

அந்த வாசம் எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? கோயில் நடை திறந்த மாதிரி அந்த லேப் முழுவதும் கற்பூரமும் சாம்பிராணியும் மணந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. ஆறவைத்து நிறுத்தார். நூறு கிராம் எண்பத்தாறு ஆகியிருந்தது.

"மழை ஈரத்தை ஏற்கெனவே குடிச்சு வச்சிருக்கு. நாம மறுபடியும் முழு வயத்துக்குக் கொடுத்தா என்ன பண்ணும் பாவம்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மத்த மூணு பீப்பாயும் இப்படித்தான் இருந்திருக்குமா ஆறுச்சாமி?"

"இருந்திருக்குமுங்க" என்றேன்.

அவர் குறிப்பேட்டைத் திறந்து, கிராம் கணக்கை எழுதி, புத்தகத்தை மூடாமல் என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஈரம் ஏறியிருக்குன்னு நான் எழுதியாச்சு. எப்படி ஏறித்துன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதறதில்லை. தெரிஞ்சவா எழுதட்டும்."

பென்சிலை மேலே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மணி மூன்றேகால். இருபது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்த ஒரு மனிதனுக்கு அந்தப் பென்சில் எவ்வளவு கனம் என்று எனக்குத்தான் தெரியும். ஈரம் என்று மட்டும் எழுதியிருக்கிறது. மூடி சரியாக இறுகவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். யார் மேலும் குற்றம் வராது என்று ஒரு மனசு சொன்னது. இல்லை, பீப்பாயை மூடியதும் சுலைமான்தான் என்பார்கள் என்று இன்னொரு மனசு சொன்னது. என் வேலை போகுமோ என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், பூசையால் கெட்டது என்று நாலு பேர் வாயில் அம்மா பேர் விழுமே என்பது. நான் செய்த தப்புக்கு அவள் கெட்ட பேர் வாங்க வேண்டுமா?

அப்போது சுலைமான் தொழுதுவிட்டு வந்து கதவருகில் நின்றான். முகம் கழுவிய ஈரம் தாடியில் இருந்தது. உள்ளே மூக்கை உறிஞ்சிப் பார்த்தான்.

"என்னண்ணா, இங்க பூசை போட்டீங்களா?"

ஒன்றும் அறியாமல்தான் கேட்டான். நான் பென்சிலை எடுத்தேன். எழுதியது இவ்வளவுதான்: 'ஆயுத பூசை அன்று நாலு பீப்பாயையும் நான் திறந்து மணியைத் தட்டில் வைத்தேன். மறுநாள் காலை வரை திறந்திருந்தது. சுலைமான் அன்று லீவு. ஆறுச்சாமி.'

புத்தகத்தை அவனிடம் காட்டினேன். படித்தான். அவன் முகம் மாறியதை இப்போதும் மறக்க முடியவில்லை.

"காலையிலிருந்து ஊட்டுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கிறேன். நீங்க பக்கத்துலயே நின்னீங்களேண்ணா!"

"எனக்கும் இப்பத்தான்டா தெரிஞ்சுது. சாமி சத்தியமா."

"சரி, தெரிஞ்சுது. எழுதாம இருந்திருந்தா?"

எழுதாமல் இருக்க முடியுமா என்று ஐந்து நிமிடம் யோசித்தவன்தானே நான்.

நாலு மணிக்கு மூன்று பேரும் மேனேஜர் அறைக்குப் போனோம். புத்தகத்தை நானே கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"இது எந்தா ஆறுச்சாமி! கேட்டலிஸ்ட என்ன, பிரசாதம்னு நெனச்சோ? இனி இந்த கம்பெனியில பூஜையும் வேண்டா, ஒண்ணும் வேண்டா."

நான் பயந்தது நடந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது மேடம் பேசினார்.

"பூஜை என்ன பண்ணித்து சார்? மூடி திறந்ததாக்கும் தப்பு. பூ வாசனையைக் கூட அது குடிச்சுடும்னுதான் பூவை வெளியில மாட்டிட்டு வரேன், அதை இவாகிட்ட நான் ஒரு நாளும் சொல்லலை. அது என் தப்பு. ரெண்டையும் ரிப்போர்ட்டில எழுதிக்கறேன்." பிறகு அதே குரலில், "இன்னும் ஒண்ணு. சட்டியில இருக்கறது கெட்டுப் போகலை. எனக்கு ஆறு நாள் கொடுங்கோ. இந்த ரெண்டு பேரையும் கொடுங்கோ."

மேனேஜர் புத்தகத்தை மூடி மேடத்திடம் நீட்டினார். "ஆறு நாள்" என்றார்.

தவறு செய்தவனை அதே வேலையில் நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடியில் நின்ற பச்சைத் தண்ணீரை ஒரு சொட்டும் வீணாக்காமல் வடித்து, மிச்ச மருந்தோடு சேர்த்து வைத்தோம். நனைந்த மணியைச் சூடு காட்டாமல் வெறுமனே உருட்டினோம். ஒட்டிக்கொண்டிருந்தது மெல்ல மெல்லப் பிரிந்தது. அதிகம் குடித்த மணி பக்கத்து மணிக்குக் கொடுக்கும், அதுவரை பொறுக்க வேண்டும் என்றார் மேடம். பிறகு இளஞ்சூட்டில் காயவைத்தோம். சூளையில் சுட்டோம். சுடும்போது செங்காவி நிறத்தில் புகை வரும், நெஞ்சை அடைக்கும். முகமூடி போட்டுக்கொண்டு புகைக்குழாய் இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறியதும் பீப்பாய். மூடி. வளையம்.

இரண்டு நாள் சுலைமான் வேலைக்கு வேண்டிய வார்த்தை தவிர என்னிடம் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் பீப்பாய் வளையத்தை இறுக்கியபோது, பின்னாலிருந்து வந்து தன் கையாலும் ஒரு முறை இறுக்கினான்.

"உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லண்ணா. உங்க பக்தி மேலதான் கொஞ்சம் பயம்" என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்துவிட்டான். அன்று மதியம் அவன் டிபன் பாக்ஸிலிருந்து மீன் இல்லாத பக்கமாகப் பார்த்து ஒரு அரிசிப் பத்திரி எடுத்து என் டிபன் மூடியில் வைத்தான்.

ஐந்தாம் நாள் மணி இன்னும் எவ்வளவு குடிக்கும் என்று மேடம் மறுபடி அளந்தார். வடித்து வைத்த மருந்தை அந்த அளவுக்குக் கலந்து இரண்டாம் முறையாகக் குடிக்கக் கொடுத்தோம். உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. கடைசிக் குவளை வரை கலகலவென்ற சத்தம் போகவில்லை. முடியும்போது லேசாகக் கனத்தது, அவ்வளவுதான்.

ஆறாம் நாள் மேடம் மணிகளை வெட்டி வரிசையாக வைத்தார். பத்து அல்ல, ஐம்பது. பூதக்கண்ணாடியை என்னிடமே கொடுத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் குடியில் சுட்டுக் கறுத்ததும் இரண்டாம் குடியின் பச்சையும் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே மாதிரி ஏறியிருந்தது. வெள்ளை எங்கும் இல்லை. சுலைமானிடம் கொடுத்தேன். அவன் பார்த்துவிட்டு "அல்ஹம்துலில்லா" என்றான். நான் "அம்மா" என்றேன். மேடம் பென்சிலால் ஒரு சின்ன கோடு போட்டார்.

சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே நன்றாகவே வேலை செய்தது என்று பிறகு தகவல் வந்தது. சுலைமான் காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை என் வீட்டுப் பூசை அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். பூசையும் நிற்கவில்லை. அடுத்த வருடம் அதே கூடத்தில், இறுக்கி மூடிய பீப்பாய்களுக்கு வெளியே சந்தனம் வைத்தேன். இரும்புக்குள் அம்மாவின் பார்வை போகாது என்று நினைத்தேனே, அது எவ்வளவு சின்ன புத்தி என்று அப்போது பட்டது. கண் இல்லாத மணிக்கு வேண்டுமானால் மூடி தடை. அவளுக்கு என்ன தடை?

கோமதி மேடம் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டார். தேர் பார்க்கக் கல்பாத்தி போகும்போது போய்ப் பார்ப்பேன். "காது எப்படி இருக்கு ஆறுச்சாமி?" என்றுதான் முதலில் கேட்பார். வலது காது கொஞ்சம் மந்தம் என்று சொன்னால், "இடது போருமே" என்பார்.

போன ஆயுத பூசைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சுலைமான்தான் இப்போது அந்தக் கூடத்துக்கு மூத்தவன், தாடி நரைத்துவிட்டது. நான் படத்துக்கு மாலை போட்டு, தட்டில் கற்பூரம் வைத்து, தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன்.

"ஒரு நிமிசம்ணா" என்றான்.

பீப்பாய்களிடம் போனான். ஒவ்வொரு வளையத்தையும் கையால் இழுத்துப் பார்த்தான். கடைசியில் இருந்ததை மட்டும் இன்னும் அரைச் சுற்று முறுக்கினான். புதுப் பிள்ளைகள் எல்லோரும், இதுவும் பூசையில் ஒரு பகுதி என்கிற மாதிரி, கை கூப்பியபடியே காத்துக்கொண்டு நின்றார்கள். அவன் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"மூடி பாத்தாச்சுண்ணா. இனி ஏத்துங்க."

நான் கற்பூரத்தை ஏற்றினேன்.